முதல் தெரிவு

1996. ஆக்லாந்துத் தமிழர் கூடைப்பந்து லீக்கில் புது வீரர்களைத் தெரிவுசெய்யும் நாள். அமெரிக்கத் தொழில்முறை லீக்குகளின் பாணியில், போன வருடம் கடைசி இடத்தில் முடித்த அணிதான் முதல் ஆளை எடுக்கும். அப்போதுதான் அடுத்த வருடம் பலம் சமமாகும்.

“ஆறரை அடி சந்தீப்புக்காக வேணும்னேதானே எல்லா மேட்ச்சும் தோத்தீங்க, ஆனந்தராசா சார்?” என்றார் மனுகாவ் அணியின் பயிற்சியாளர் சுந்தரமூர்த்தி.

கடைசி இடம் பிடித்த ஒனிஹங்கா அணியின் பயிற்சியாளர் ஆனந்தராசா மேடையேறி, முதல் பெயரை அறிவித்தார்.

“யசீகரன்.”

ஐந்தடி யசீகரன் எழுந்து கும்பிட்டான்.

இறங்கி வந்தவரிடம் சுந்தரமூர்த்தி கேட்டார். “இவரைக் கடைசியா எடுத்திருக்கலாமே? நாங்க யாரும் தொட்டிருக்க மாட்டோம்.”

“ஓம், தெரியும். ஆனா தன்ர தம்பியின்ர பேரை முதலாவதாக் கூப்பிடாட்டி வீட்டுக்கு வரவேண்டாமெண்டு என்ர மனுசி சொல்லிப்போட்டா.”