பம்பும் பிஸ்கட்டும்

தணிகாசலத்தின் இடுப்பில் இருந்த இன்சுலின் பம்புக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்து விடுவது அதன் வேலை.

"பாத்தியா, சர்க்கரை ஆடாம அசையாம நிக்குது. எல்லாம் என் கைவண்ணம்" என்று சர்க்கரை பார்க்கும் மீட்டரிடம் அளக்கும். மீட்டரும் ஆமாம் போடும்.

ஒருநாள் டாக்டர், "மருந்து அளவு சரியான்னு பாக்கணும். நாளைக்குக் காலையில எதுவும் சாப்பிடாம இருங்க. சர்க்கரை இறங்கினா மட்டும் உடனே ஏதாவது சாப்பிடுங்க" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் சர்க்கரை கடகடவென்று இறங்கியது. தணிகாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. பையைத் துழாவி, ஏற்கெனவே பாதி காலியான பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார்.

"நீ எப்ப வந்தே?" என்றது பம்பு.

"தினமும் இங்கதான் இருக்கேன் அண்ணே. நீங்க அதிகமா இறக்கிடுவீங்க, நான் ஏத்தி விடுவேன்" என்றது பிஸ்கட்.

பம்பு மீட்டரைப் பார்த்தது. மீட்டர் வேறு பக்கம் பார்த்தது.

டாக்டர் மருந்தைக் குறைத்தார். அடுத்த பட்டினிச் சோதனையில் சர்க்கரை அசையவில்லை.

"இப்ப நெசமாவே உன் கைவண்ணந்தான்" என்றது மீட்டர்.

பையில் பிஸ்கட் தொடுவாரில்லாமல் நமுத்துப்போய்க் கிடந்தது. பம்பு தன் பழைய பீற்றலை நினைத்து, தணிகாசலத்தின் சட்டை நுனியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.