தொண்ணூற்றிரண்டு பொருத்தம்

சண்டை வரும்போதெல்லாம் சேந்தன் ஒன்றையே சொல்வான்: “நமக்கு நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு பொருத்தம். அப்போ குறை உன்கிட்டதான்.” மனைவி யாழ்மொழி அதை நம்பி, சத்தமாகச் சிரிப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

இன்று, அவர்களைச் சேர்த்துவைத்த பொருத்த மையத்துப் பெண் வீடு தேடி வந்து, உண்மையான மதிப்பெண் பதினொன்றுதான் என்றாள்.

“நல்லாப் பொருந்துறவங்களை மட்டுமே சேர்த்து வெச்சா, எங்க கணிப்பு சரிதானான்னு எப்படிம்மா தெரியும்? அதான் கம்மியா வந்த சில ஜோடிங்களையும் சேர்த்து வெச்சுப் பார்த்தோம். ஆய்வு முடிஞ்சிருச்சு, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

யாழ்மொழி குறுக்கிட்டாள். “என்னை யாரும் கேக்கவே இல்லையே!”

“ஜோடியில ஒருத்தர் சம்மதிச்சாப் போதும்மா. உங்க வீட்டுக்காரர் பதினொண்ணுன்னு தெரிஞ்சுதானே கல்யாணத்துக்கு முன்னாடியே சம்மதிச்சார்.”