சிவப்புப் பொட்டு

மகனின் சிரிப்புக்கு இரண்டு லட்சம் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். நுழைவு இலவசம், படம் பிடிக்கத் தடை என்று எழுதிய கலைக்கூடத்தின் சுவரில், ஒரு புகைப்படத்தில் படகோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தான் எத்திராஜ். அவன் படங்கள் இருந்த கைப்பேசி போன ஆண்டு அவனோடு கடலுக்குள் போய்விட்டது. தேசம்மாவுக்கு அந்த முகம் இனி இங்கேதான். மீன் விற்ற வாய் சும்மா இருக்குமா?

"கொறச்சுச் சொல்லு நைனா. பெத்தவளுக்கே யானை வெலையா?"

"இங்க பேரமெல்லாம் கிடையாதும்மா" என்று சிரித்துவிட்டுப் போன நிர்வாகி, சற்று நேரத்தில் திரும்பி வந்து, படத்தின் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டை ஒட்டினான்.

தேசம்மாவுக்குக் கண் கலங்கியது. செத்தவனுக்குப் பொட்டு வைக்க இவர்களுக்காவது தோன்றியதே! கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்டியே நெத்தியில வையேன் நைனா."

"ஐயோ, அது வித்துப்போச்சுன்னு அடையாளம்மா."

அவள் கும்பிட்ட கையை இறக்கினாள்.

"வாங்குனவங்க வூடு எங்க? தெவசத்தன்னிக்கு மட்டும் போயி ஒருவாட்டி பாத்துட்டு வந்துர்றேன்."

வாங்கியவர் விலாசத்தை வெளியே சொல்வது கூடத்தின் வழக்கமில்லை. படம் எடுத்தவருக்குப் பாதி, கூடத்துக்குப் பாதி என்று மாலைக்குள் கணக்கு நேராகிவிட்டது. தேசம்மாவின் பங்குக்கு ஒரு டீ வந்தது, இலவசமாக.