பதினான்கு பெயர்கள்

"சார்போங்தான் எடுத்திருக்கான். வேற எவன் எடுப்பான்?" என்றார் மரக்கடை அட்டக்கோரா.

சந்தை முகப்பில் நேற்று மாலைவரை நின்ற இரும்புப் பலகையைக் காணவில்லை. கம்பங்கள் இரண்டும் மொட்டையாக நின்றன.

காவலர் குறிப்பேட்டைத் திறந்தார். "எப்படிச் சொல்றீங்க, தலைவரே?"

"அதைச் செஞ்ச வெல்டரே அவன்தான். போல்ட்டு எங்கெங்கே இருக்குன்னு அவனுக்குத்தானே தெரியும்?"

"பழைய இரும்புக்கு இப்போ நல்ல கிராக்கி" என்று எடுத்துக்கொடுத்தார் டாக்ஸிச் சங்கத்து அம்போன்சா.

சந்தைக்கும் அக்கரை ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓர் ஓடை. போன மழையில் மரப்பாலம் அடித்துக்கொண்டு போனது. புதுப் பாலம் கட்டத்தான் ஊரின் கடைகளும் சங்கங்களும் ஒரே ஒன்றியமாகக் கூடின; அட்டக்கோரா அதற்குத் தலைவர். மரக்கடை, சிமெண்டுக் கடை, டாக்ஸிச் சங்கம், சிகையலங்காரப் பெண்கள் சங்கம், தேவாலயம், மசூதி என்று மொத்தம் பதினான்கு.

ஒற்றுமைக்குக் குறைவே இல்லை. மரம் வரட்டும், சிமெண்டு தருகிறேன் என்றார் ஒருவர். முதலில் சிமெண்டு வரட்டும், மரம் தருகிறேன் என்றார் அட்டக்கோரா. எட்டு மாதத்தில் பதினோரு கூட்டங்கள். அவற்றில் ஏழு, பலகையில் யார் பெயர் மேலே என்று முடிவு செய்ய. கடைசியில் எல்லாப் பெயரும் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் வரவேண்டும் என்று தீர்மானம் ஆனது. பலகை பன்னிரண்டடி நீளத்துக்குப் போய்விட்டது.

முடிந்த வேலை அது ஒன்றுதான். சார்போங் தன் பங்காக இலவசமாகச் செய்து கொடுத்தான். அவன் பெயருக்கு அதில் இடமில்லை.

சனிக்கிழமை மாவட்ட ஆணையர் வந்து பலகைக்குத் திரை விலக்குவதாக ஏற்பாடு. இன்று வியாழன்.

"அவன் பட்டறை என் நிலத்துலதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணட்டும்" என்றார் அட்டக்கோரா.

"மூணு பிள்ளைங்க இருக்கு அவனுக்கு. பட்டறையை விட்டா வேற போக்கு ஏது?" என்றார் காவலர்.

"திருடும்போது அந்த நினைப்பு வரலையா?" என்றாள் செர்வா. சந்தையின் வெங்காய வரிசைக்கு அவள்தான் ராணி. அவள் பேசினால் மறுபேச்சுக் கிடையாது.

நால்வரும் புறப்பட்டார்கள். பட்டறை அக்கரையில் இருந்தது. சங்கத்தார் அந்தப் பக்கம் போய் எட்டு மாதம் ஆகிறது.

ஓடையருகே வந்ததும் செர்வா நின்றாள். "செருப்பைக் கழட்டணுமோ?"

"வேண்டாம்மா, அதோ பாருங்க" என்றார் காவலர்.

ஓடையின் குறுக்கே கறுப்புச் சாயமடித்த அகலமான இரும்புத் தகடு கிடந்தது. வழுக்காமல் இருக்க மேலே மணல் தூவி, பிடித்துக்கொள்ளக் கயிறும் கட்டியிருந்தார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிய ஒருத்தி தலைச்சுமையோடு சாவகாசமாகக் கடந்து வந்தாள்.

செர்வா காலை வைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

"சத்தம் போடாம வேலை செய்யற ஆளுங்களும் இருக்காங்க பாரு" என்றாள்.

"நாம போட்ட கூட்டத்தைப் பார்த்துத்தான் எவனுக்கோ உறைச்சிருக்கு" என்றார் அம்போன்சா. "இதையும் நம்ம ஒன்றியத்துக் கணக்குலயே சேர்த்துடலாம், தலைவரே. ஆணையர்கிட்டே காட்டலாம்."

"காட்டத்தான் போறோம்" என்றார் அட்டக்கோரா.

சார்போங் பட்டறை வாசலில் உட்கார்ந்து கென்கே என்ற சோள உருண்டையும் பொரித்த மீனும் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க, கை கழுவுங்க. சேர்ந்து சாப்பிடலாம்."

"எவனுக்குடா வேணும் உன் சோறு? பலகை எங்கே?"

"நான்தான் எடுத்தேன், தலைவரே."

காவலரின் பேனா குறிப்பேட்டில் ஊன்றியது.

"பார்த்தீங்களா, வாயாலேயே ஒத்துக்கிட்டான்!" என்றார் அம்போன்சா.

"பதினாலு பேரோட சொத்துடா அது!" என்றாள் செர்வா.

"தெரியும்மா. அதான் பதினாலு பேரும் எங்கே பாலம் வேணும்னு சொன்னீங்களோ, அங்கேயே போட்டிருக்கேன்."

அட்டக்கோரா திரும்பி ஓடையைப் பார்த்தார். பிறகு தன் பூட்சைப் பார்த்தார். மணல் ஒட்டியிருந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" செர்வாவின் குரல் இறங்கியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை உங்க வெங்காய வரிசை டகோவாவுக்கு வலி வந்துச்சு. தண்ணியைத் தாண்ட முடியல. அந்தக் கரையில, சேத்துலயே பெத்தா. தாயும் பிள்ளையும் பிழைச்சதே பெரிசு. நான் இந்தக் கரையில நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்மா. நேத்து மச்சான்மார் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து கழட்டினேன்."

செர்வா தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அதற்கு அவசியமே இல்லை.

"நான் என்ன எழுதட்டும், தலைவரே?" என்றார் காவலர்.

அட்டக்கோரா பூட்சில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"ஒண்ணும் எழுத வேண்டாம். பட்டறை இருக்கட்டும்."

காவலர் குறிப்பேட்டை மூடினார். கை கழுவிவிட்டு மீன் பக்கம் நகர்ந்தார்.

அம்போன்சாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "எல்லாம் சரிப்பா. ஆனா எங்க பேர் ஒண்ணுகூட வெளியே தெரியலையே! கவுத்துப் போட்டுட்டியே?"

"நிமிர்த்திப் போட்டா ஊர்ச்சனம் மொத்தமும் உங்க பேரை மிதிச்சிக்கிட்டுல்ல போகும், அண்ணே? எனக்கு மனசு வரல."