வண்டி வந்துகொண்டிருக்கிறது

"அண்ணே, ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு! இங்க பாரு, நகருது!" முத்தாலே கைபேசியைத் தூக்கிக் காட்டினாள்.

சோளக்களி கிண்டிக்கொண்டிருந்த அம்மா அடுப்படியிலேயே சரிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை துவண்டு கிடந்தது. ஆம்புலன்ஸ் செயலியின் திரையில் கப்வாட்டா சாலை வழியாகச் சின்னஞ்சிறு சிவப்பு வண்டி ஊர்ந்து வந்தது. கீழே, 'இன்னும் ஆறு நிமிடம்'.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்திருந்த சிசெங்கா அதைப் பார்த்தான். உடனே பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

"காசொண்டே மாமா, உங்க லாரியை எடுங்க. இப்பவே போகணும்."

"லாரி நிறைய கரி மூட்டைப்பா. இறக்கவே நேரமாகும். அதான் ஆம்புலன்ஸ் வருதே?" என்றபடி அவரும் கூடவே வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"அதை நம்பாதீங்க மாமா."

"உனக்கென்ன கிறுக்கா?" முத்தாலே கத்தினாள். "சந்தை முக்குக்கே வந்துடுச்சு! கரி லாரியில போட்டுக் குலுக்கி அம்மாவைக் கொல்லப் பார்க்கிறியா?"

"நம்பாதேன்னு சொல்றேன்ல!"

"ஏன்? காரணத்தைச் சொல்லு."

சிசெங்கா வாயைத் திறந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான். "லாரியை எடுங்க மாமா," என்று மட்டும் மறுபடி சொன்னான்.

"பதட்டத்துல உளறுறான். ஆம்பளை நீயே இப்படி ஆடினா எப்படிப்பா?" காசொண்டே அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

உட்கார்ந்துவிட்டான்.

'இன்னும் இரண்டு நிமிடம்' என்றது திரை. வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் நிற்காமல் ஊர்ந்தது. அரை மணி நேரம் பொறுத்த பிறகு மூட்டைகளைத் தெருவில் தள்ளிவிட்டு, லாரியிலேயே அம்மாவை ஏற்றினார்கள்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா…" டாக்டர் முடிக்காமல் நகர்ந்தார்.

ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து முத்தாலே கதறினாள். "கண்ணால பார்த்தோமேண்ணே! நகர்ந்து வந்துச்சே! வராத வண்டியை வர்ற மாதிரி காட்டினது எந்தப் பாவி?"

"நான்தான்," என்றான் சிசெங்கா. "வண்டி எங்க இருக்குன்னு தெரியாதப்போ படம் பாட்டுக்கு நகரட்டும், காத்திருக்கிறவங்க பதறாம இருப்பாங்கன்னு எங்க ஆபீஸ்ல இந்தச் செயலிக்கு நான்தான் வரைஞ்சு குடுத்தேன்."