பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டர்

வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பீசாங் கோரேங் தட்டோடு உள்ளே நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த மைக்தான்.

ஸோபா நடுவில் ஒரு மைலோ டின். அதன் தலையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கறுப்பு மைக். படம் பார்க்கப்போகிற வீட்டில் மைக்குக்கு என்ன வேலை?

"வாங்கக்கா, உக்காருங்க" என்றாள் பிரவீனா. சிரித்தாள். ஒரு வருஷமாக வேலியோரம் நின்று பேசுவதைக்கூட விட்டுவிட்டவள், இன்றைக்குச் சிரிக்கிறாள்.

பலகாரம் கொடுக்க வந்ததெல்லாம் சாக்குதான். ஒரு மாதமாகவே இந்த வீட்டின் மேல் எனக்கு ஒரு கண்.

அவள் புருஷன் ரூபேந்திரன் பலகைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். காரை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறான். அப்படிப்பட்டவன், யோங் பெங்கில் மூடிவிட்ட கராவோக்கே கடையிலிருந்து பழைய ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். திரை வாங்க வசதியில்லாமல் எதிர்ச் சுவருக்கு வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறான். இவர்கள் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போய் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. திடீரென்று என்ன சினிமாப் பைத்தியம்?

அதுகூடப் போகட்டும். சந்தையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகளை எங்கள் பக்கத்துச் சுவரில் மட்டும் ஒட்டியிருந்தான். மற்ற மூன்று சுவரும் வெறுமனே இருந்தன. அந்தச் சுவரோரம் கிடந்த பிள்ளையின் கட்டிலையும் காணோம். பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

குளுவாங் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றுதான்.

அந்தப் பக்கம் என் வீட்டில் நானும் மாமியாரும். அவர் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, நாளைக்கு மூன்று தடவை மெத்தை விரிப்பை மாற்றுவது எல்லாம் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். "உன்னை நம்பித்தான் அம்மாவை விட்டுட்டுப் போறேன், வாசுகி" என்று சொல்லாமல் பஸ் ஏறமாட்டார். அந்த நம்பிக்கையில்தான் என் குடும்பமே ஓடுகிறது.

எவனாவது எதையாவது பதிவு செய்து, முன்னும் பின்னும் வெட்டி, அவருக்கு வாட்சாப்பில் தட்டிவிட்டால்? இந்தக் காலத்தில் யாரை நம்புவது?

"மைக் எதுக்கு தம்பி?"

"மெஷினோட வந்ததுக்கா. ஸ்பீக்கர் சத்தம் விடும், மைக் கேட்டுக்கும். எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு மெஷினே செட் பண்ணிக்கும் லா."

நல்ல கதை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வயரைப் பார்த்தேன். மைக்கிலிருந்து கிளம்பி, கம்பளத்துக்கு அடியில் நுழைந்து, பழைய ஆம்ப்ளிஃபையருக்குள் போய்ச் சேர்ந்தது. கைபேசி எதுவும் அதில் சொருகியிருக்கவில்லை. இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அவர்கள் மகள் லோஷினி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, கம்பளத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பீசாங் கோரேங் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. என்ன வளர்ப்போ.

"ரெண்டு நிமிஷம் யாரும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு ரூபேந்திரன் விசிறியை நிறுத்தினான். ரிமோட்டை அழுத்தினான்.

இடது ஸ்பீக்கர் உஸ்ஸென்று இரைந்து நின்றது. பிறகு வலது ஸ்பீக்கர். மூலையிலிருந்த பெரிய பெட்டி டும்மென்று அதிர்ந்தது. உட்கார்ந்திருந்த ஸோபா வரைக்கும் அந்த அதிர்வு வந்தது.

அடுத்த ஸ்பீக்கருக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. அத்தனை முட்டை அட்டையையும் தாண்டி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது.

"நான் நனைக்கலம்மா. மெத்தையைத் தொட்டுப் பாரு. அடிக்காதம்மா."

நான் வீட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

மெஷின் பாதியில் நின்றது. சுற்றிலும் சத்தம் அதிகமாக இருக்கிறது, மீண்டும் முயலவும் என்று அதன் முகத்தில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. ரூபேந்திரன் மீண்டும் முயலவில்லை. பிரவீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்துவைத்தேன்.

"வயசாச்சுல்ல. தூக்கத்துல ஏதாச்சும் உளறுவாங்க" என்றேன். என்னை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ரூபேந்திரன் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"வேற வீடு பாத்தோம்க்கா, கட்டுப்படியாகல. அட்டை ஒட்டிப் பாத்தோம், அப்பவும் கேட்டுச்சு. அதான் மலிவா இதைச் சேர்த்தோம். சாயங்காலத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா வெச்சுக்கறோம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம் அனுமதி கேட்பதுபோல் சொன்னான். அதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியே இருக்கலாம்.

என் வீட்டுக்காரரிடம் ஏதாவது சொன்னாயா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். விழுங்கிக்கொண்டேன். சொல்லியிருப்பானோ, சொல்லாமல் வைத்திருக்கிறானோ, முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். மணி ஆறரை. விரிப்பு மாற்ற வேண்டும்.

நான் வாசல் பக்கம் திரும்பியதும், லோஷினி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.