மூணாவது வரிசைச் சிரிப்பு

"அந்த ஆளை வெளியே அனுப்புங்க. இல்லைன்னா என் பேரை உறுப்பினர் பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க."

மேலாளர் அம்மாவுக்கு இரண்டாவது யோசனை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஆயுள் உறுப்பினரிடம் அதைச் சொல்ல முடியுமா?

"அப்படி என்ன சார் பண்ணினார்?"

"சிரிக்கிறார்."

"சிரிப்புப் படம்தானே சார்?"

அது ஒரு கார்ட்டூனிஸ்டின் நினைவாக நடக்கிற அருங்காட்சியகம். போகிற இடமெல்லாம் குடையைத் தொலைக்கிற ஒரு குமாஸ்தாவை வைத்து அவர் பத்திரிகையில் தொடர் வரைந்தவர். அவர் காலமான பிறகு அந்தக் கதைகள் குட்டிக் குட்டிப் படங்களாக வந்தன. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு, மாடியில் நாற்பது நாற்காலி போட்டு அவற்றைத் திரையிடுவார்கள்.

ஒரு வாரம்கூட விடாமல் வருகிறவர் நம் ஆயுள் உறுப்பினர். ஓய்வுபெற்ற பேராசிரியர். நகைச்சுவையைப் பற்றி நானூறு பக்கம் ஆராய்ச்சி எழுதிப் பட்டம் வாங்கியவர். அதைப் படித்து யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. அரங்கில் யாராவது இருமினால்கூடத் திரும்பி "உஷ்" என்பார். அதனால் ஊழியர்களுக்கு அவர் 'உஷ் சார்'.

"சிரிக்கலாம்மா. அதுக்கு ஒரு முறை இருக்கு. குடை தொலையறதுக்கு ரெண்டு நொடி முன்னாடியே இந்த ஆள் ஆரம்பிச்சுடறார். மூணாவது வரிசையில உட்கார்ந்துக்கிட்டு, கூரையைப் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி. அவரைப் பார்த்து மத்தவங்களும் சிரிக்கிறாங்க. அந்தக் குமாஸ்தாவோட உள்ளே இருக்கிற சோகம் யாருக்காவது புரியுதா?"

"எனக்கும் புரியலை சார்," என்றார் மேலாளர், உண்மையாகவே.

உஷ் சார் புகாரை எழுத்திலும் கொடுத்தார். மூன்று பக்கம், அடிக்குறிப்புகளுடன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. தன் கையே தனக்கு உதவி என்று, அடுத்த சனிக்கிழமை படம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாவது வரிசைக்குப் போய் நின்றார்.

உட்கார்ந்திருந்தவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். தேய்த்த சட்டை, மடியில் ஒரு துணிப்பை.

"இது சர்க்கஸ் கூடாரம் இல்லைங்க. ஒரு கலைஞனுக்கு மரியாதை பண்ற இடம். அடக்கமாப் பார்க்கத் தெரியலைன்னா வீட்டுலயே இருந்துக்கலாம்."

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த நாலு வாக்கியம் இன்னும் மிச்சம் இருந்தது. பெரியவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"சத்தம் அதிகமாயிடுச்சு போல. மன்னிச்சுக்கோங்க."

எழுந்தார். கடைசி வரிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

படம் ஓடியது. குமாஸ்தா பஸ்ஸில் குடையைத் தொலைத்தார், பல் டாக்டரிடம் தொலைத்தார், புதுக் குடை வாங்கிய கடையிலேயே தொலைத்தார். பார்த்தவர்கள் பரீட்சை ஹாலில் இருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் சிரிக்க வாயைத் திறந்தார். உஷ் சாரின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

உஷ் சாருக்குப் பரம திருப்தி. கலைக்குத் தன்னால் ஆனதைச் செய்தாகிவிட்டது.

விளக்கு போட்டதும், கடைசி வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா அவரை நோக்கி வந்தார். கார்ட்டூனிஸ்டின் மனைவி. வாராவாரம் வந்து கதவோரம் உட்காருவார், யாரிடமும் பேசமாட்டார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று உஷ் சார் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"மூணாவது வரிசையில ஒருத்தர் இருப்பாரே, எங்கே போயிட்டார்?"

"நான்தாம்மா அனுப்பிட்டேன். இனிமே தொந்தரவு இருக்காது. உங்க வீட்டுக்காரர் படத்தை நீங்க நிம்மதியா ரசிக்கலாம்."

"நான் எங்கே ரசிச்சேன்? நிஜமாவே குடையைத் தொலைச்சுட்டு வர்ற மனுஷனோட முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவ நான். எனக்கு இதுல சிரிப்பே வராது."

நானூறு பக்க ஆராய்ச்சியில் இதற்கு இடமில்லை.

"அப்புறம் எதுக்கும்மா வாராவாரம் வர்றீங்க?"

"அந்த மூணாவது வரிசைக்காரர் சிரிக்கணும்னுதான். என் காதுல விழணும்னுதான் அவர் அவ்வளவு சத்தமா சிரிக்கிறார். நடுவுல நடுவுல திரும்பி, நான் இருக்கேனான்னு பார்த்துக்குவார். படம் முடிஞ்சதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவார். இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் வரலைன்னா பாவம், யாருக்காகச் சிரிப்பார்?"

உஷ் சார் மூன்றாவது வரிசையின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கே இருக்கார்னு விசாரிச்சு நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. அவர் வரலைன்னா அடுத்த வாரம் அந்த நாற்காலியில நீங்கதான் உட்கார்ந்து சிரிக்கணும். நல்லா சத்தமா."

"கூட்டிட்டு வர்றேன்மா. ஆனா அவர் யாரு? உங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப வேண்டப்பட்டவரா?"

அந்த அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வேண்டப்பட்டவரா? 'இதைப் பார்த்து ஒருத்தருக்கும் சிரிப்பு வர்றதில்லை'ன்னு சொல்லி, எங்க வீட்டுக்காரரோட தொடரைப் பாதியில நிறுத்தின பத்திரிகை ஆசிரியர்."